தொழில்நுட்பக் கேள்வி–பதில்: மொத்தமாக மெயில் அனுப்பும் சர்வர்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. செய்திமடல், உறுப்பினர் அறிவிப்பு போன்றவற்றை ஆயிரக்கணக்கானோருக்குச் சொந்த சர்வரிலிருந்து அனுப்புவது எப்படி? அது ஸ்பேமுக்குப் போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? ஆகவே பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 20,000 உறுப்பினர்கள். வாரம் ஒரு செய்திமடல் அனுப்புகிறோம். ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து நாங்களே மெயில் சர்வர் அமைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு திறன் வேண்டும்?

அமைக்கலாம். திறன் பெரிய விஷயமே இல்லை. ஒரு கோர், 2 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு இருந்தால் 20,000 மெயிலை அந்த இயந்திரம் அலட்டிக்கொள்ளாமல் அனுப்பிவிடும். கவனமாகத் தேர்வு செய்ய வேண்டியது அதோடு வரும் ஐபி முகவரியைத்தான். மென்பொருள் எதையும் நிறுவும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் அந்த ஐபியோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முதலாவது, வெளியே போகும் 25-ஆம் போர்ட். ஸ்பேம் பயத்தில் பல கிளவுட் நிறுவனங்கள் இதை அடைத்தே தருகின்றன. வேறொரு டொமைனின் எம்எக்ஸ் சர்வருக்கு (அதன் மெயிலைப் பெற்றுக்கொள்ளும் சர்வர்) டெல்நெட் கட்டளையில் 25-ஆம் போர்ட் வழியாக இணைந்து பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. எதுவும் வராமல் நின்று டைம்அவுட் ஆனால் அடைத்திருக்கிறார்கள். கோரிக்கை வைத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். 587 திறந்திருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். அது பயனர் தன் மெயிலை சர்வரிடம் ஒப்படைக்கும் வாசல். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 25-இல் மட்டுமே.

இரண்டாவது, அந்த ஐபியின் பழைய கணக்கு. உங்களுக்கு முன்பு அதை வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது உங்கள் தலையில்தான் விடியும். ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களில் அது இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது பிடிஆர் பதிவு. டிஎன்எஸ் என்பது டொமைன் பெயர்களுக்கான பொதுப் பெயரேடு; அதில் ஐபியைக் கொடுத்துப் பெயரைக் கேட்பதற்கான பதிவு இது. இதை உங்கள் டொமைன் பேனலில் எழுத முடியாது. ஐபியைத் தந்த நிறுவனத்தின் பேனலில்தான் எழுத வேண்டும். பலர் தவறும் இடம் இது. ஐபியைக் கேட்டால் சர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி திரும்ப வர வேண்டும். இன்னொரு சர்வரோடு பேச்சைத் தொடங்க போஸ்ட்ஃபிக்ஸ் 'ஹெலோ' சொல்லும்போது தரும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் அதற்கும் தனியே பிடிஆர் வேண்டும். ஐபிவி4-க்கு எல்லாம் சரியாக வைத்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் தானாக ஐபிவி6 வழியே ஜிமெயிலுக்குப் போய் 550 என்ற மறுப்புக் குறியை வாங்கி வருவது அடிக்கடி நடக்கிறது. ஐபிவி6-ஐ முறையாக அமைக்க நேரமில்லை என்றால், போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிவி4-ஐ மட்டும் பயன்படுத்தும்படி மாற்றிவிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் உங்கள் வழியாக அனுப்ப முடியாதபடி போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பின் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் 127.0.0.0/8 (அதாவது அந்த சர்வரே), செய்திமடல் மென்பொருள் இருக்கும் இயந்திரம் ஆகியவற்றை மட்டும் வையுங்கள். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் என்ற இரண்டு முகவரிகளும் உண்மையில் ஒரு மனிதர் படிக்கும் பெட்டிக்குப் போக வேண்டும். சர்வர் லாக்கை வாரம் ஒருமுறையாவது பார்க்க உங்கள் குழுவில் ஆள் இல்லையென்றால், சொந்த சர்வர் வேண்டாம். மெயில் அனுப்பித்தரும் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வதே உங்கள் உறுப்பினர்களுக்கு நல்லது.

கேள்வி: எஸ்பிஎஃப் பதிவு சேர்த்திருக்கிறோம். ஆனாலும் சோதித்தால் 'பெர்ம்எரர்' என்றே வருகிறது. என்ன காரணம்?

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு. 'பெர்ம்எரர்' என்றால் அந்தப் பதிவிலேயே பிழை. பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். டொமைனுக்கு ஏற்கெனவே ஓர் எஸ்பிஎஃப் பதிவு இருக்க, புதிய சர்வருக்காக இன்னொன்றைச் சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதிய ஐபியைச் சேர்த்துவிடுங்கள். மற்றது, 'இன்க்ளூட்' (வேறொரு டொமைனின் எஸ்பிஎஃப் பதிவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சொல்) எண்ணிக்கை. எஸ்பிஎஃப் சரிபார்ப்பில் டிஎன்எஸ் தேடல் தேவைப்படும் சொற்கள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. இன்க்ளூட் செய்த பதிவுக்குள் இருக்கும் இன்க்ளூட்களும் இந்தக் கணக்கில் சேரும். பயன்பாட்டில் இல்லாத சேவைகளை நீக்கிவிட்டு, உங்கள் சர்வரை நேரடி ஐபி எண்ணாக எழுதுங்கள். ஐபி எண்ணுக்குத் தேடல் தேவையில்லை.

கேள்வி: டிகேஐஎம் கையொப்பம் சில மெயில்களில் சரியாக இருக்கிறது, சிலவற்றில் தோல்வி அடைகிறது. ஒரே சர்வர், ஒரே சாவி. எப்படி இப்படி?

டிகேஐஎம் என்பது மெயில் உங்கள் டொமைனிலிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்று காட்டும் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸில் இருக்கும். எப்போதாவது தோல்வி அடைகிறது என்றால் சாவியில் குறை இருக்க வாய்ப்பில்லை. சாவி தவறு என்றால் எல்லா மெயிலும் தோற்கும். (2048 பிட் பொதுச் சாவி, டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவின் ஒரு துண்டுக்கான 255 எழுத்து எல்லைக்குள் அடங்காது. மேற்கோள்குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். அங்கே தவறியவர்களுக்கு ஒன்றுகூடச் சரியாக வராது.)

தோற்ற மெயில் ஒன்றின் ஹெடரை (உடலுக்கு மேலே உள்ள விவரப் பகுதி) திறந்து சரிபார்ப்பு முடிவு எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். கையொப்பமே இல்லை என்று இருந்தால், அந்த மெயில் போஸ்ட்ஃபிக்ஸுக்குள் வந்த வழி வேறு. மில்டர் என்பது கையொப்பம் இடும் துணை நிரலை போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்கும் வழி. எஸ்எம்டிபி (மெயில் பரிமாற்ற நெறிமுறை) வழியாக வரும் மெயிலுக்கு 'எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்' வரியும், சர்வரிலேயே சென்ட்மெயில் கட்டளை வழியாக நுழையும் மெயிலுக்கு 'நான் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்' வரியும் பொறுப்பு. முதலாவதை மட்டும் நிரப்பியிருப்பார்கள். செய்திமடல் கையொப்பத்தோடு போகும். பிஎச்பி அனுப்பும் உறுதிப்படுத்தல் மெயில் வெறுமையாகப் போகும். இரண்டு வரியிலும் ஒரே மதிப்பைக் கொடுங்கள்.

'பாடி ஹாஷ்' (உடல் பகுதியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று இருந்தால், கையொப்பம் இட்ட பிறகு வழியில் உடல் பகுதி மாறியிருக்கிறது. இதில் அதிகம் பார்ப்பது வரி நீளச் சிக்கல்தான். மெயிலின் ஒரு வரி 998 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. செய்திமடல் வார்ப்புருக்கள் சில, முழு எச்டிஎம்எல்லையும் இடைவெளி நீக்கி ஒரே வரியில் கொட்டுகின்றன. கையொப்பம் அந்த நீள வரிக்குப் போடப்படும். போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்பும்போது விதிப்படி வரியை வெட்டும். பெறும் இடத்தில் கணக்கு பொருந்தாது. சின்ன மெயில் தேறிவிடுகிறது, பெரிய மெயில் மட்டும் தோற்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். செய்திமடல் மென்பொருளில் உடல் பகுதியின் என்கோடிங்கை பேஸ்64 அல்லது கோட்டட்-பிரிண்டபிள் என்று வைத்தால் வரிகள் 76 எழுத்துக்குள் அடங்கிவிடும். சிக்கல் அத்தோடு தீர்ந்தது.

தமிழில் எழுதுவோருக்குப் பேஸ்64-ஐயே பரிந்துரைக்கிறோம். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பேஸ்64-இல் அது 4 ஆகும். கோட்டட்-பிரிண்டபிளில் 9 ஆகிவிடும். 'கொ' என்ற ஒற்றை எழுத்து இரண்டு குறியீடு, ஆக 18 பைட். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் உள்ள மெயிலை நடுவே வெட்டி 'முழுவதையும் காண்க' என்று விட்டுவிடுகிறது. அடியில் வைத்த விலகல் இணைப்பு அதோடு மறைந்துபோனால், வாசகருக்குக் கண்ணில் படுவது ஸ்பேம் பொத்தான் மட்டும்தான்.

கேள்வி: மெயிலின் தலைப்பில் தமிழ் எழுத்து நடுவில் சதுரமாகவும் கேள்விக்குறியாகவும் உடைகிறது. எல்லா இதழிலும் அல்ல, சில தலைப்புகளில் மட்டும். ஏன்?

மென்பொருள் தலைப்பைத் துண்டாக்கும் இடம் தவறுகிறது. ஆங்கிலம் அல்லாத தலைப்பை என்கோட் செய்த துண்டுகளாக எழுத வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தொடக்க, இறுதிக் குறிகள் 12 இடம் பிடித்துக்கொள்ளும். மீதி 63, பேஸ்64 நான்கு நான்காகப் போவதால் 60, அதில் அடங்குவது 45 பைட், அதாவது சரியாக 15 தமிழ்க் குறியீடு. இடைவெளியே இல்லாத தலைப்பை 45 பைட்டுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் தப்பிவிடும். நடுவே ஓர் இடைவெளியோ எண்ணோ வந்தால் அது 1 பைட்; கணக்கு நகர்ந்து, வெட்டு ஒரு குறியீட்டின் நடுவில் விழும். சில தலைப்பு மட்டும் உடைவதற்குக் காரணம் இதுதான். கையால் வெட்டும் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் நிரல்மொழியில் உள்ள மெயில் நூலகத்திடமே தலைப்பை முழுதாகக் கொடுங்கள்.

கேள்வி: புதிய ஐபியை 'வார்ம்-அப்' செய்ய வேண்டும் என்கிறார்கள். எத்தனை மெயிலில் தொடங்குவது? வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு மெயிலுக்கு ஒரு நொடி இடைவெளி வைத்தும் பலனில்லை.

நேற்று வரை ஒரு மெயில்கூட அனுப்பாத ஐபி இன்று 20,000 அனுப்பினால், எதிர்ப்பக்கம் அதை ஸ்பேம் அனுப்புவோர் கைப்பற்றிய கணினி என்றே கருதும். 200-இல் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள்: 200, 400, 800, 1,600, 3,200, 6,400. இந்த ஆறு படியில் 12,600 பேர் முடிந்திருப்பார்கள். மீதி 7,400 ஏழாவது படி. இரண்டு வாரத்தில் முழுப் பட்டியலையும் தொட்டுவிடலாம். முதல் படிகளில் யார் என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். அண்மையில் சேர்ந்தவர்கள், போன மாதம் இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள் ஆகியோரை முன்னால் வையுங்கள். மெயிலைத் திறந்தார்களா என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் மெயிலின் தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காத மெயிலும் திறந்ததாகவே பதிவாகிறது.

நடுவே 421 அல்லது 451 வரத் தொடங்கினால், 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று பொருள். அடுத்த படிக்குப் போகாமல் அதே அளவில் நில்லுங்கள். காத்திருக்கும் மெயில் வரிசையை உடனே மறுபடி தள்ளும் கட்டளையை ஓட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

ஒரு நொடி இடைவெளி வேலை செய்யாதது, நீங்கள் பெறுநர் வரம்பை 1 என்று வைத்திருப்பதால் இருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் 'டெஸ்டினேஷன் ரேட் டிலே' (இடைவெளி) என்பது 'டெஸ்டினேஷன் ரெசிபியன்ட் லிமிட்' (பெறுநர் வரம்பு) என்பதோடு கட்டுண்டது. வரம்பு 1-க்கு மேல் இருந்தால் ஒரே டொமைனுக்குப் போகும் இரண்டு மெயிலுக்கு இடையே தாமதம் வரும். வரம்பு 1 என்றால் ஒரே ஆளுக்குப் போகும் இரண்டு மெயிலுக்கு இடையே மட்டும்தான் தாமதம். உங்கள் பட்டியலில் 12,000 பேர் ஜிமெயிலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும். வரம்பை 2-க்கோ இயல்பான 50-க்கோ மாற்றுங்கள். மாஸ்டர் கோப்பில் ஜிமெயிலுக்கென்று தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் 1 நொடி கொடுத்தால், 12,000 மெயில் போய் முடிய 3 மணி 20 நிமிடம் ஆகும். செய்திமடலுக்கு இந்த வேகம் தாராளம்.

கேள்வி: ஒரு நாள் ஆயிரக்கணக்கில் 550 பவுன்ஸ் (ஏற்கப்படாமல் திரும்பிய மெயில்) வந்தது. மென்பொருள் தானாகவே அத்தனை பேரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அவர்களில் பலர் நன்றாக இயங்கும் முகவரிகள். எப்படித் தவிர்ப்பது?

550 என்ற மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால் வந்த வினை. அதை அடுத்து வரும் புள்ளி வைத்த எண்தான் காரணத்தைச் சொல்கிறது. 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை. முதல் முறையிலேயே நீக்குங்கள். 5.2.2 என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது. மூன்று நான்கு இதழ் தொடர்ந்து வந்தால் நிறுத்துங்கள். 5.7 என்று தொடங்கினால் கோளாறு உங்கள் பக்கம். ஜிமெயில் தரும் 5.7.26, எஸ்பிஎஃப், டிகேஐஎம் சரிபார்ப்பில் நீங்கள் தேறவில்லை என்பதற்கான குறி. அதற்காக வாசகரை நீக்குவது அநியாயம். அனுப்புவதை நிறுத்தி, குறையைத் திருத்தி, பிறகு தொடருங்கள். மென்பொருளில் பவுன்ஸ் விதியை இந்த மூன்று வகையாகப் பிரியுங்கள். ஒரே மணி நேரத்தில் பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தாண்டினால் தானாக அனுப்புதலை நிறுத்தும் விதி ஒன்றையும் சேருங்கள்.

யாருடைய மெயில் திரும்பியது என்று துல்லியமாகத் தெரிய, அனுப்புநர் உறை முகவரியில் (பவுன்ஸ் திரும்பி வரும் முகவரி) வாசகரின் எண்ணைப் பொதியும் வெர்ப் முறையைப் பயன்படுத்துங்கள். திரும்பி வரும் மெயிலின் உடலைப் படித்து ஊகிக்க வேண்டியதில்லை; அது வந்து சேரும் முகவரியே ஆளைச் சொல்லிவிடும். இன்னொன்று: போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயன்றுகொண்டே இருக்கும். வாரச் செய்திமடலுக்கு 2 நாள் போதும்.

கேள்வி: ஒரு சொடுக்கில் விலகும் வசதி கட்டாயமா? நாங்கள் அடியில் இணைப்பு கொடுத்திருக்கிறோமே.

நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024-இல் இதைக் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக அனுப்புவோரிடம் அதையே கேட்கிறது. நீங்கள் அதைவிடக் குறைவாக அனுப்பினாலும் செய்துவிடுங்கள். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். புகார் விகிதம் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30-ஐத் தொடவே கூடாது என்பது ஜிமெயிலின் அளவு. ஆயிரம் பேரில் மூன்றே பேர் போதும், மீதி 997 பேரின் மெயிலும் பாதிக்கப்படும்.

அடியில் உள்ள இணைப்பு வேறு, இது வேறு. ஹெடரில் இரண்டு வரி வேண்டும்: விலகலுக்கான எச்டிடிபிஎஸ் முகவரியைச் சொல்லும் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்', ஒரே சொடுக்கில் ஏற்போம் என்று சொல்லும் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்'. இரண்டும் டிகேஐஎம் கையொப்பத்துக்குள் அடங்க வேண்டும். அந்த முகவரி 'போஸ்ட்' கோரிக்கை (தரவை ஒப்படைக்கும் வகை) வந்தால் மட்டுமே விலக்க வேண்டும். 'கெட்' (இணைப்பை வெறுமனே திறக்கும் வகை) வந்தால் பக்கத்தைக் காட்டினால் போதும். அலுவலக மெயில்களில் உள்ள பாதுகாப்பு வடிகட்டிகள் ஒவ்வொரு இணைப்பையும் தாமே திறந்து சோதிக்கும். கெட் வந்தவுடன் விலக்கிவிடும் தளங்களில், வாசகர் ஒன்றுமே செய்யாமல் பட்டியலிலிருந்து காணாமல் போகிறார். லாகின் கேட்காதீர்கள், வேறு முகவரிக்குத் திருப்பிவிடாதீர்கள், விலகியவரை இரண்டு நாளுக்குள் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஒரு லட்சம் முகவரி கொண்ட பட்டியல் விலைக்குக் கிடைக்கிறது. சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?

கூடாது. அந்த ஒரு லட்சம் பேரில் ஒருவர்கூட உங்களிடம் கேட்கவில்லை. அதுவே போதுமான காரணம். தொழில்நுட்பக் காரணமும் உண்டு: இப்படிப்பட்ட பட்டியல்களில் பொறி முகவரிகள் கலந்திருக்கும். அவை எந்த மனிதருக்கும் சொந்தமில்லை, எந்தப் படிவத்திலும் தரப்பட்டதில்லை. ஆனால் மெயிலை ஏற்றுக்கொள்ளும். அதனால் 'சுத்தம் செய்யும்' கருவிகளுக்கு அவை நல்ல முகவரியாகவே தெரியும். அதற்கு ஒரு மெயில் போனாலே, அனுமதி இல்லாமல் திரட்டிய பட்டியல் என்பது வெளிப்பட்டுவிடும். சர்வர் தடுப்புப் பட்டியலுக்குப் போகும். இவ்வளவு நேரம் சொன்ன அமைப்புகள் எல்லாம், கேட்டவருக்குக் கேட்டதை அனுப்புபவருக்கு மட்டுமே உதவும்.

உங்கள் படிவத்தில் சேர்பவரிடமும் உறுதிப்படுத்தல் மெயில் அனுப்பி, அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் ஏற்றுங்கள். சேர்ந்த தேதி, நேரம், ஐபி, எந்தப் படிவம் என்பதைச் சேமித்து வையுங்கள். உறுதிப்படுத்தல் மெயில் ஒருவருக்கு ஒரே முறைதான் போக வேண்டும். இல்லையென்றால், யாரோ ஒருவரின் பெட்டியை நிரப்ப உங்கள் படிவத்தையே ரோபோக்கள் ஆயுதமாக்கிவிடும்.

கேள்வி: எங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம்ஹவுஸ் பட்டியலைக் கேட்டால் எந்த ஐபியைக் கொடுத்தாலும் 'பட்டியலில் உள்ளது' என்றே சொல்கிறது.

பதில் 127.255.255.254 என்று வருகிறதா? அது 'பட்டியலில் உள்ளது' என்பதற்கான பதில் அல்ல. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்காதே என்ற பிழைக்குறி. சர்வரில் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடித் தருவது) வைத்திருப்பீர்கள். அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளை நிறுவி, 127.0.0.1-ஐ ரிசால்வராக வையுங்கள். பிறகு 127.0.0.2-ஐக் கேட்டுச் சோதியுங்கள். அது சோதனைக்கென்றே எப்போதும் பட்டியலில் இருக்கும் முகவரி.

கேள்வி: டிமார்க் கொள்கையை எடுத்தவுடன் 'ரிஜெக்ட்' என்று வைக்கலாமா?

வேண்டாம். டிமார்க் என்பது எஸ்பிஎஃப், டிகேஐஎம் வழியாகத் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு. முதலில் 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வரும் முகவரியையும் அதே பதிவில் கொடுங்கள். தினமும் எக்ஸ்எம்எல் கோப்பாக அறிக்கை வரும். எந்த ஐபியிலிருந்து உங்கள் டொமைன் பெயரில் எத்தனை மெயில் வந்தது, அவற்றில் எத்தனை தேறியது என்று அதில் இருக்கும். நீங்கள் மறந்தே போன ரசீது மென்பொருளோ, பழைய இணையதளப் படிவமோ அங்கே தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் டிகேஐஎம் அமைத்துக்கொண்டே வாருங்கள்.

எஸ்பிஎஃப் தேறினாலே போதும் என்று எண்ண வேண்டாம். டிமார்க் பார்ப்பது, தேறிய டொமைனும் வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனும் ஒன்றா என்பதை. பவுன்ஸுக்கு வேறொரு நிறுவனத்தின் டொமைனை வைத்திருந்தால் எஸ்பிஎஃப் தேறும், டிமார்க் தேறாது. மெயிலை வாசகர் வேறு பெட்டிக்குத் திருப்பி அனுப்பும்போதும் எஸ்பிஎஃப் உடையும். டிகேஐஎம் கூடவே போகும். நாலு வாரம் அறிக்கையில் உங்களுடைய மெயில் எதுவும் தோற்கவில்லை என்றால் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் ஒதுக்கு), இன்னொரு மாதம் கழித்து 'ரிஜெக்ட்' (ஏற்காதே). யாஹூ 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு ரிஜெக்ட் வைத்துவிட்டது. ஆகவே செய்திமடலின் அனுப்புநராக யாஹூ முகவரியை வைத்து உங்கள் சர்வரிலிருந்து அனுப்பினால், டிமார்க் பார்க்கும் இடமெல்லாம் அதைத் திருப்பிவிடும். அனுப்புநர் முகவரி உங்கள் சொந்த டொமைனில்தான் இருக்க வேண்டும்.